ஐன்ஸ்டைனின் நோபல் பரிசு: சமன்பாட்டுக்கா, ஒளித்துகளுக்கா?

அலைநீளம்:

ஐன்ஸ்டைனுக்குச் சார்பியலுக்காக நோபல் கொடுக்கவில்லை, ஒளிமின் விளைவுக்காகத்தான் (ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவது) கொடுத்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி, வினாடி வினாவில்கூட வந்துவிட்டது. என் வாதம் அதற்கும் ஒரு படி மேலே. 1905இல் அவர் சொன்ன பெரிய விஷயம், ஒளியின் ஆற்றல் துண்டு துண்டாகத்தான் பயணிக்கிறது என்பது. பரிசு அதற்குக் கொடுக்கப்படவில்லை. அந்தக் கருத்திலிருந்து அவர் வருவித்த ஒரு வரிச் சமன்பாட்டுக்குத்தான் கொடுக்கப்பட்டது.

1921ஆம் ஆண்டுப் பரிசின் அறிவிப்பு இப்படிப் போகிறது: கோட்பாட்டு இயற்பியலுக்கு ஆற்றிய பணிகளுக்காகவும், குறிப்பாக ஒளிமின் விளைவின் விதியைக் கண்டறிந்ததற்காகவும். ஒளித்துகளைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. மறந்துபோய் விட்டதாக நான் நினைக்கவில்லை. பரிசு முடிவான 1922இல் அந்தக் கருத்தை நம்பிய முன்னணி இயற்பியலாளர்கள் மிகக் குறைவு. வரலாறு தெரிந்தவர்கள் இதைப் பற்றி எழுதுங்கள்.

மின்மினி:

நான் பி.எஸ்சி. முதலாண்டு. எனக்கு ஒன்று புரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில், ஒளிமின் விளைவை அலைக் கொள்கையால் விளக்க முடியாது, அதனால் ஒளி துகள் என்று படித்தோம். சமன்பாடு சரி என்று ஒப்புக்கொண்டால் துகளையும் ஒப்புக்கொண்ட மாதிரிதானே? ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை மட்டும் எப்படித் தள்ளினார்கள்?

அலைநீளம்:

நல்ல கேள்வி, தம்பி. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

1887இல் கார்ல்ஸ்ரூவே நகரில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தீப்பொறியை உண்டாக்கி, மறு பக்கம் ஒரு சிறிய இடைவெளியில் எதிரொலி போல ஒரு பொறி வருகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய சோதனை. அந்த இரண்டாம் பொறி மிக மங்கலாக இருந்ததால், நன்றாகப் பார்ப்பதற்காக ஏற்பியைச் சுற்றி இருட்டாக்கி மூடினார். உடனே பொறியின் நீளம் குறைந்துவிட்டது! நடுவில் கண்ணாடி வைத்தாலும் குறைகிறது, குவார்ட்ஸ் வைத்தால் குறைவதில்லை. அப்படியானால் முதல் பொறியின் புற ஊதா ஒளி ஏற்பியில் ஏதோ செய்கிறது. தேடியது அலையை. அலைக் கொள்கைக்குச் சவால் விட்ட விளைவும் அதே மேசையில் அவர் கண்ணில் பட்டது.

மறு ஆண்டு ஹால்வாக்ஸ், எதிர் மின்னூட்டம் ஏற்றிய துத்தநாகத் தகட்டின் மீது புற ஊதா ஒளி பட்டால் மின்னூட்டம் கசிந்துவிடுகிறது என்று காட்டினார். 1899இல் ஜே.ஜே. தாம்சன், வெளியே வருவது எலக்ட்ரான்தான் என்றார். 1902இல் லெனார்ட் சொன்னதுதான் திருப்பம். ஒளியின் செறிவைக் கூட்டினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் அவற்றின் பெரும வேகம் கூடுவதில்லை.

உன் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. லெனார்டிடம் இதற்கு வேறொரு விளக்கம் இருந்தது. எலக்ட்ரானுக்கு வேண்டிய ஆற்றல் அணுவுக்குள்ளேயே இருக்கிறது, ஒளி வந்து சுவிட்சைத் தட்டுவது போல அதைத் தட்டிவிடுகிறது, அவ்வளவுதான் என்றார். அப்படியென்றால் வேகம் செறிவைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை, ஒளியும் அலையாகவே இருந்துவிட்டுப் போகலாம். அன்றைக்கு இது ஒன்றும் அசட்டு விளக்கம் கிடையாது, பலர் ஏற்றுக்கொண்டதுதான்.

ஐன்ஸ்டைன் 1905 மார்ச்சில், பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலை வல்லுநராக இருந்தபோது எழுதிய கட்டுரையில், அதிர்வெண் கூடினால் எலக்ட்ரானின் பெரும ஆற்றல் நேர்கோட்டில் கூட வேண்டும் என்றார். அந்தக் கோட்டின் சாய்வு எந்த உலோகத்துக்கும் ஒன்றேதான் என்றும் சொன்னார். அப்போது அப்படி ஒரு கோட்டை வரைந்து பார்க்கும் அளவுக்கு யாரிடமும் அளவீடு இல்லை. சூரிய ஒளியின் புற ஊதா எல்லைக்கு ஒரு கணக்குப் போட்டு 4.3 வோல்ட் என்று கண்டு, லெனார்டின் முடிவும் இந்த அளவில்தான் இருக்கிறது என்று எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். கட்டுரைத் தலைப்பிலேயே இது ஒரு "வழிகாட்டும் கண்ணோட்டம்" என்றுதான் போட்டிருக்கிறார்.

இதில் பிளாங்க் 1900இல் சொன்னதையும் ஐன்ஸ்டைன் சொன்னதையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஆற்றலைப் பால் என்று வைத்துக்கொள். பூத்தில் பாலைப் பாக்கெட்டாகத்தான் கொடுக்கிறார்கள் என்பது பிளாங்க் சொன்னது. மாட்டின் மடியிலேயே பாக்கெட்டாகத்தான் இருக்கிறது என்பது ஐன்ஸ்டைன் சொன்னது. இரண்டாவதை நம்புவது யாருக்குத்தான் சுலபம்?

பட்டறை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஐன்ஸ்டைன் பெயரைச் சொல்பவர்கள், அவர் சமன்பாட்டை அளந்து சோதித்த மில்லிகனை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். நான் வெற்றிடக் கருவிகளோடு வேலை பார்ப்பவன். அந்த ஆள் செய்த வேலையைப் பார்த்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும்.

பிரச்சினை என்னவென்றால், உலோகத்தின் மேற்பரப்பு. சோடியத்தைக் காற்றில் வெட்டிப் பாருங்கள், பளபளப்பு சில நொடியில் மங்கிவிடும். ஆக்சைடு படிந்த மேற்பரப்பில் அளந்தால் இன்றைக்கு ஒரு எண், நாளைக்கு ஒரு எண். அதனால்தான் ரிச்சர்ட்சன், கார்ல் காம்ப்டன், ஹியூஸ் எல்லோரும் 1912இல் அளந்தும் விவாதம் ஓயவில்லை.

மில்லிகன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு கண்ணாடிக் கலத்துக்குள்ளேயே ஒரு பட்டறையை அமைத்துவிட்டார். நடுவில் ஒரு சக்கரம். அதில் சோடியம், பொட்டாசியம், லித்தியம் மூன்றும் உருளைகளாக வார்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்தபின், வெளியிலிருந்து மின்காந்தத்தால் சக்கரத்தைத் திருப்பி உலோகத்தைக் கத்திக்கு நேராகக் கொண்டுவருவார். அந்தக் கத்தியையும் வெளியிலிருந்து காந்தத்தால்தான் நகர்த்த வேண்டும். மேலே மெல்லிய ஒரு சீவல். புதிய முகம் தெரிந்ததும் சக்கரத்தைத் திருப்பி ஒளிக்கு முன்னால் நிறுத்தி, நிறுத்து மின்னழுத்தத்தை (எலக்ட்ரான்களைத் தடுத்து நிறுத்தத் தேவையான மின்னழுத்தம்) அளப்பார். மறுபடி திருப்பி, தொடு மின்னழுத்தத்தை (இரண்டு உலோகங்களை இணைத்தால் அவற்றுக்கிடையே வருவது) அளக்கும் தகட்டுக்கு நேரே கொண்டுபோவார். இவ்வளவும் கலத்தைத் திறக்காமல், கை படாமல். ஒளிக்குப் பாதரச ஆவி விளக்கு, அதன் நிறமாலை வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொள்வார்.

1916இல் வந்த முடிவு: கோடு நேர்கோடுதான். சாய்விலிருந்து வந்த, அதிர்வெண்ணையும் ஆற்றலையும் இணைக்கும் பிளாங்க் மாறிலி 6.57 × 10⁻³⁴ ஜூல் நொடி (அவர் எர்க் அலகில் எழுதினார்). இன்றைய மதிப்பு 6.626. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு!

இந்த இழைக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. அதே 1916 கட்டுரையில், சமன்பாடு மிகத் துல்லியமாகப் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டு, அதன் பின்னால் இருக்கும் ஒளித்துகள் கருத்தைத் துணிச்சலான, சொல்லப்போனால் பொறுப்பற்ற கருதுகோள் என்றே எழுதுகிறார். கோட்டை வரைந்து நிரூபித்த மனிதரே அந்தக் கோட்டுக்குக் காரணமான கருத்தை நம்பவில்லை. அலைநீளம் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

கரும்பலகை:

மில்லிகன் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் அலைநீளம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பரிசு கொடுத்தவர்களின் மனசில் சமன்பாடா துகளா என்ற கேள்வியே முதலில் இல்லை. ஐன்ஸ்டைனுக்கு எப்படியாவது கொடுத்தாக வேண்டும், சார்பியலைத் தொடக் கூடாது. இதுதான் அவர்கள் கையிலிருந்த பிரச்சினை. ஒளிமின் விளைவு அதற்குக் கிடைத்த வழி.

1910இல் ஆஸ்ட்வால்ட் முதன்முதலாக அவர் பெயரை முன்மொழிந்தார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் முன்மொழிந்துகொண்டே இருந்தார்கள். நோபல் குழுவிலோ சோதனை, அளவீடு இவற்றுக்கே மரியாதை. 1912இல் கலங்கரை விளக்கத்துக்கான தானியங்கி வால்வுக்காக டாலனுக்குக் கொடுத்தார்கள். 1920இல், அதாவது சார்பியலை உறுதிப்படுத்திய கிரகணப் படங்கள் வந்து ஐன்ஸ்டைன் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்த பிறகு, நிக்கல் எஃகு உலோகக் கலவைகளை ஆராய்ந்ததற்காக கியோமுக்குக் கொடுத்தார்கள். அந்த வேலைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெப்பத்தில் கிட்டத்தட்ட விரியாத இன்வார் என்ற அந்த நிக்கல் எஃகு இல்லாமல் அன்றைய துல்லியக் கடிகாரம் இல்லை. ஆனால் குழுவின் நாட்டம் எந்தப் பக்கம் என்பது தெரிகிறதல்லவா?

1921இல் சார்பியலைப் பற்றி அறிக்கை எழுதும் பொறுப்பு குல்ஸ்ட்ரான்டிடம் போனது. கண்ணின் ஒளியியலுக்காக 1911இல் மருத்துவ நோபல் வாங்கியவர், தன் துறையில் மேதை. சார்பியல் அவருக்குப் பிடிபடவில்லை. அறிக்கை எதிராகப் போனது. ஒளிமின் விளைவைப் பற்றிக் குழு உறுப்பினர் அர்ரேனியஸ் எழுதிய அறிக்கையும் ஆதரவாக இல்லை. கடைசியில் அந்த வருடம் இயற்பியலுக்குப் பரிசே இல்லை என்று நிறுத்திவைத்தார்கள்.

1922இல் உப்சாலாவின் கோட்பாட்டு இயற்பியலாளர் ஓசீன் உள்ளே வந்தார். ஐன்ஸ்டைனை ஒளிமின் விளைவின் விதிக்காக முன்மொழிந்து, அந்த விதியை இயற்பியலாளர் நீல்ஸ் போரின் அணு மாதிரியோடு இணைத்துக் காட்டினார். நிறுத்திவைத்த 1921 பரிசு ஐன்ஸ்டைனுக்கு, 1922 பரிசு போருக்கு என்று நவம்பர் 9ஆம் தேதி முடிவானது. ஐன்ஸ்டைனுக்குப் போன கடிதத்தில், சார்பியலுக்கும் ஈர்ப்புக் கொள்கைக்கும் பிற்காலத்தில் கிடைக்கக்கூடிய மதிப்பைக் கணக்கில் எடுக்கவில்லை என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். அவர்கள் வேலி போட்டது சார்பியலுக்கு. நீங்கள் ஒளித்துகளுக்குப் போட்டதாகச் சொல்கிறீர்கள்.

அலைநீளம்:

சார், நீங்கள் சொன்ன வரலாறு அத்தனையும் சரி. ஆனால் ஓசீன் ஏன் "விதி" என்பதோடு நின்றார்? சார்பியலைத் தவிர்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், ஒளித்துகள் கருத்துக்கு என்று நேராகவே போட்டிருக்கலாம். போட்டிருந்தால் குழுவில் தோற்றிருக்கும். மில்லிகனின் கோடு கையில் இருந்ததால் சமன்பாட்டை யாரும் மறுக்க முடியவில்லை. வேலி இரண்டு பக்கமும் இருந்தது என்பதுதான் என் கட்சி.

அன்றைய மனநிலைக்கு இரண்டு சாட்சி சொல்கிறேன். 1913இல் ஐன்ஸ்டைனைப் பிரஷ்ய அறிவியல் கழகத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி பிளாங்க், நெர்ன்ஸ்ட், ரூபென்ஸ், வார்பர்க் நால்வரும் எழுதிய பரிந்துரையில், அவரை வானளாவப் புகழ்ந்துவிட்டு ஒரு வரி சேர்த்தார்கள். ஒளித்துகள் கருதுகோளைப் போல, அவர் சில சமயம் ஊகத்தில் இலக்கைத் தவறவிட்டிருக்கலாம், அதை அவருக்கு எதிராகப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது அந்த வரியின் பொருள். குவாண்டத்தைத் தொடங்கிவைத்த பிளாங்கின் கையெழுத்து அதில் இருக்கிறது.

இரண்டாவது சாட்சி நீல்ஸ் போர். 1922 டிசம்பர் 10 பரிசளிப்பு விழா. மறுநாள் ஸ்டாக்ஹோமில் அவருடைய நோபல் உரை. ஐன்ஸ்டைனின் பரிசும் வழங்கப்பட்ட விழாவுக்கு மறுநாளே, ஒளித்துகள் கருதுகோள் வழிகாட்டுதலுக்குப் பயன்பட்டாலும் குறுக்கீட்டு விளைவுகளோடு (அலைகள் சேரும்போது ஒன்றையொன்று வலுவாக்குவது, அழிப்பது) ஒத்துப்போகாது, ஒளியின் இயல்பைப் பற்றி அது எதையும் தெளிவாக்கவில்லை என்று சொன்னார். போர் இதைக் குறும்புக்காகச் சொல்லவில்லை, மனப்பூர்வமாக நம்பினார். 1924இல் கிராமர்ஸ், ஸ்லேட்டரோடு சேர்ந்து, ஆற்றல் அழிவின்மையே தனித்தனி நிகழ்வுகளில் பொருந்தாமல் போகலாம் என்ற அளவுக்குப் போனார். ஒளித்துகளை ஏற்பதைவிட அது அவருக்கு மேலாகத் தெரிந்திருக்கிறது. 1925இல் போத்தேவும் கைகரும் செய்த சோதனை அந்த வழியை அடைத்தது.

ஈழத்துவாசகன்:

பரிசு முடிவான 1922இல் ஐன்ஸ்டைன் எங்கே இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. டிசம்பரில் ஸ்டாக்ஹோமுக்கு வரும்படி இருக்கும் என்று அர்ரேனியஸ் செப்டம்பரிலேயே அவருக்குச் சாடையாக எழுதியிருந்தார். ஆனால் ஜூன் மாதம் யூதரான ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவ் கொலை நடந்த பிறகு, யூதரான ஐன்ஸ்டைனுக்கும் ஜெர்மனியில் பாதுகாப்பு இல்லை. ஜப்பானில் இருந்து வந்த அழைப்பை ஏற்று, அக்டோபர் 8 மார்செய்யில் கிட்டானோ மாரு என்ற கப்பலில் ஏறிவிட்டார். 28ஆம் தேதி எங்கள் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். நவம்பர் 13 ஷாங்காய் போய்ச் சேர்ந்தபோது பரிசுச் செய்தி அங்கே காத்திருந்தது.

விழாவில் அவருக்குப் பதிலாக ஜெர்மன் தூதர் நடோல்னி பரிசை வாங்கினார். ஐன்ஸ்டைன் ஜெர்மானியரா, சுவிஸ்காரரா என்று இரண்டு நாட்டுக்கும் இடையே இழுபறி வேறு. பணம், 1919இல் விவாகரத்தின்போது பேசிக்கொண்டபடி, முதல் மனைவி மிலேவாவுக்குப் போனது.

நோபல் உரையை 1923 ஜூலை 11 கோதன்பர்க்கில் நிகழ்த்தினார். எதைப் பற்றிக் கதைத்தார் தெரியுமா? சார்பியலைப் பற்றி. மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் கேட்டுக்கொண்டு இருந்தார்.

மின்மினி:

லெனார்டும் நோபல் வாங்கியவர்தானே? அவர் அளவீட்டை வைத்துத்தான் ஐன்ஸ்டைன் கட்டுரையே எழுதினார். பிறகு ஏன் அவ்வளவு பகை?

கரும்பலகை:

ஆமாம் தம்பி, கேதோடு கதிர்களுக்காக 1905இல் வாங்கினார். தொடக்கத்தில் இருவருக்கும் நல்ல மரியாதை இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு லெனார்ட் முற்றிலும் மாறிப்போனார். 1920 செப்டம்பரில் பாட் நவ்ஹைம் கூட்டத்தில் சார்பியலைப் பற்றி இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். பிறகு யூத வெறுப்பை இயற்பியலுக்குள் கொண்டுவந்து, "ஜெர்மன் இயற்பியல்" என்ற பெயரில் நான்கு தொகுதி எழுதி, நாஜிகளோடு சேர்ந்துகொண்டார். சோதனையில் அவ்வளவு கூர்மையான ஒரு மனிதர் இப்படிப் போனது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. 1902இல் அவர் செய்த அளவீடு சரியானது. அதை யாரும் அவரிடமிருந்து எடுத்துவிட முடியாது, எடுக்கவும் வேண்டாம்.

மூன்றாம்பிறை:

தாமதமாக வருகிறேன். ஒளியியல் ஆராய்ச்சி செய்கிறேன், அதனால் மின்மினியின் முதல் கேள்விக்கு இன்னொரு பதில் சொல்ல வேண்டும்.

ஒளிமின் விளைவு ஒளித்துகளை நிரூபிக்கிறது என்று புத்தகங்கள் எழுதுவது கண்டிப்பாகப் பார்த்தால் சரியில்லை. 1969இல் வில்லிஸ் லாம்பும் மார்லன் ஸ்கல்லியும், அணுவைக் குவாண்டமாகவும் ஒளியைப் பழைய அலையாகவும் வைத்துக்கொண்டே ஐன்ஸ்டைனின் அதே நேர்கோடு வருகிறது என்று காட்டினார்கள். லாம்ப் சாதாரண ஆள் இல்லை, 1955இல் நோபல் வாங்கியவர். ஒளியைத் துகளாக எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்திய சோதனை 1977இல்தான் வந்தது. கிம்பிள், டாகனைஸ், மாண்டெல் மூவரும் சோடியம் அணு உமிழும் ஒளியைக் கவனித்தார்கள். ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) வந்த உடனே அடுத்தது வருவதில்லை, அணு மறுபடி கிளர்வுறக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. எந்த அலையாலும் இப்படி நடந்துகொள்ள முடியாது.

அதனால் 1922 குழு சமன்பாட்டோடு நின்றதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் இருந்த சான்று அதுவரைக்கும்தான் போயிற்று. ஆனால் ஐன்ஸ்டைன் சான்றுக்கு முன்னாலேயே சரியான இடத்தில் போய் நின்றார். அதற்கும் ஒளிமின் விளைவு முக்கியக் காரணம் கிடையாது. அவர் கட்டுரையின் பெரும்பகுதி கரும்பொருள் கதிர்வீச்சின் (படும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் பொருள் சூட்டில் உமிழ்வது) என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, பற்றியது. குறைந்த அடர்த்தியில் ஒளியின் என்ட்ரோபி ஒரு வாயுவின் என்ட்ரோபியைப் போலவே பருமனோடு மாறுகிறது என்று கண்டார். அங்கிருந்துதான் துகள் வந்தது. ஒளிமின் விளைவு அவர் கடைசியில் காட்டிய உதாரணங்களில் ஒன்று.

கரும்பலகை:

இது நான் வகுப்பில் சொல்லாத விஷயம், இனிமேல் சொல்வேன்.

பெரும்பாலானவர்களை மாற்றியது ஆர்தர் காம்ப்டன். 1923இல் எக்ஸ் கதிர் எலக்ட்ரானோடு மோதி அலைநீளம் கூடி வெளியேறுவதை, இரண்டு கோலிக்குண்டு மோதலுக்குப் போடும் கணக்கைப் போட்டே விளக்கிவிட்டார். 1927இல் அவருக்கு நோபல். அதே ஒளித்துகளை வாயு மாதிரி எண்ணி, டாக்காவிலிருந்து போஸ் 1924இல் பிளாங்க் விதியை வருவித்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார். கல்கத்தாவில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928இல் தேடியதும், காம்ப்டன் எக்ஸ் கதிரில் கண்டதற்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இணையான ஒன்று உண்டா என்பதைத்தான். இரண்டு ஆண்டில் ராமனுக்கு நோபல் வந்தது. ராமன் பிறந்த திருவானைக்காவல், கிருஷ்ணன் பிறந்த வத்திராயிருப்பு இரண்டும் இந்தக் கதைக்குள் வருவது எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

மின்மினி:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த வாரம் ஆய்வகத்தில் இதே சோதனை எனக்கு. சீனியர்கள் பிளாங்க் மாறிலி ஓரளவு சரியாக வந்துவிடும், வெளியேற்று ஆற்றல் (எலக்ட்ரான் உலோகத்தை விட்டு வெளியேறக் குறைந்தது தேவையானது) மட்டும் புத்தக மதிப்போடு ஒத்தே வராது என்கிறார்கள். பட்டறை அண்ணா, ஏன்?

பட்டறை:

ஏனென்றால் நிறுத்து மின்னழுத்தத்தை நீ இரண்டு உலோகங்களுக்கு நடுவில் அளக்கிறாய். எலக்ட்ரானைக் கொடுக்கும் தகடு ஒன்று, வாங்கிக்கொள்ளும் மின்வாய் ஒன்று. இரண்டையும் கம்பியால் இணைத்ததுமே அவற்றுக்கிடையே ஒரு தொடு மின்னழுத்தம் வந்துவிடும், அது உன் அளவீட்டில் சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும். அது எல்லா நிறத்துக்கும் ஒரே அளவு என்பதால் கோடு அப்படியே மேலேயோ கீழேயோ நகரும், சாய்வு மாறாது. மில்லிகன் ஒவ்வொரு தடவையும் தொடு மின்னழுத்தத்தைத் தனியாக அளந்தது இதற்காகத்தான். உன் கருவியில் அந்த வசதி இருக்காது.

பாதரச விளக்கு கொடுத்தால் 405 நானோமீட்டர் ஊதாவையும் 578 மஞ்சளையும் எடுத்துக்கொள். இரண்டுக்கும் அதிர்வெண் வித்தியாசம் சுமார் 2.2 × 10¹⁴ ஹெர்ட்ஸ், நிறுத்து மின்னழுத்தத்தில் வித்தியாசம் 0.91 வோல்ட் பக்கம் வர வேண்டும். நடுவில் 436, 546 இரண்டையும் மறக்காதே, இரண்டே புள்ளியில் எந்தக் கோடும் நேர்கோடாகத்தான் தெரியும். அறையை நன்றாக இருட்டாக்கு. எலக்ட்ரானை வாங்கும் மின்வாய் மீது ஒளி படாமல் பார்த்துக்கொள், பட்டால் அங்கிருந்தும் எலக்ட்ரான் கிளம்பி மின்னோட்டம் பூச்சியத்துக்குக் கீழே போகும், நிறுத்து மின்னழுத்தம் குறைவாகக் காட்டும். அளவீடு எடுத்ததும் அட்டவணையை இங்கே போடு, சேர்ந்து பார்ப்போம்.